"சொன்னா கேட்க மாட்டாங்க" என்கிற பேச்சு

ஒவ்வொரு மழைக்காலம் முடிந்ததும் எங்கள் வேலூர்ப் பக்கத்தில் ஒரு பேச்சு தவறாமல் காதில் விழும். "முன்னாடியே சொல்லிட்டாங்க, அவங்கதான் கேட்கல." டீக்கடையில் சொல்வார்கள், கல்யாணப் பந்தியில் சொல்வார்கள், நல்ல படிப்பு படித்து நல்ல வேலையில் இருக்கிற சொந்தக்காரர்களும் சொல்வார்கள். 2021 நவம்பர் 19 காலை, பேரணாம்பட்டில் மழையில் ஊறிப்போன வீட்டுச் சுவர் இடிந்து 4 குழந்தைகள் உட்பட 9 பேர் இறந்தபோதும் இதைக் கேட்டேன். 2024 டிசம்பர் 1 அன்று, ஃபெஞ்சல் புயல் மழையில் திருவண்ணாமலை மலை சரிந்து வ.உ.சி. நகரில் 5 குழந்தைகள் உட்பட 7 பேர் மண்ணுக்குள் போனபோது, "மலையடிவாரத்துல வீடு கட்டச் சொன்னது யாரு" என்று அதே பேச்சு வேறு மாதிரி வந்தது. எனக்கு இது ரொம்ப நாளாக உறுத்திக்கொண்டே இருக்கிறது. ஈரமில்லாதவர்களின் பேச்சு என்று ஒதுக்கிவிடவும் முடியவில்லை. சொல்கிறவர்களில் பாதிப்பேர் வெள்ளத்தன்று ராத்திரியெல்லாம் முழித்திருந்து சாப்பாட்டுப் பொட்டலம் கட்டியவர்கள். அவ்வளவு அக்கறை உள்ளவர்களுக்கும் அந்த வாக்கியம் எப்படி இவ்வளவு சுலபமாக வாயில் வருகிறது என்பதுதான் என் கேள்வி.

முதலில் நம் ஆற்றைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பாலாறு என்றால் எங்கள் தலைமுறைக்கு மணல்தான். அதில் கிரிக்கெட் ஆடியிருக்கிறோம், மாடு மேய்த்திருக்கிறோம், சைக்கிளைத் தள்ளிக்கொண்டு குறுக்கே போயிருக்கிறோம். 1903ல் மைசூர்ச் சீமையில் ஏரிகள் உடைந்து வந்த தண்ணீர் வாணியம்பாடியை அடித்துக்கொண்டு போனதும், அதற்கு அங்கே நினைவுத் தூண் நிற்பதும் பெரியவர்கள் சொல்லிக் கேட்ட கதை. 2021 நவம்பரில் 1858ல் கட்டிய பாலாறு அணைக்கட்டைத் தாண்டி வினாடிக்கு ஒரு லட்சம் கன அடிக்கு மேல் தண்ணீர் போனபோது, பாலத்தின்மேல் நின்று பார்த்த பலருக்கு அதுதான் முதல் தடவை. அப்புறம் பொன்னை ஆறு. அந்தத் தண்ணீர் ஆந்திராவிலிருந்து, சித்தூர் மாவட்டத்துக் கலவகுண்டா அணையிலிருந்து வருகிறது. நம் தலைக்குமேல் வானம் வெறிச்சோடி இருக்கும்போதே ஆறு நிரம்பும். குடியாத்தத்தில் மோர்தானா அணை நிரம்பி வழிந்தால் கவுண்டன்யா ஆறு ஊருக்குள் வரும். வேலூர் நகரத்திலேயே நிக்கல்சன் கால்வாய் பொங்கினால் கன்சால்பேட்டையில் வீட்டுக்குள் தண்ணீர். ஆகவே எச்சரிக்கை என்பது இங்கே வானத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்கிற விஷயம் இல்லை. யாரோ, எங்கிருந்தோ, நேரத்துக்குச் சொல்லியாக வேண்டும். அந்தச் செய்தி பக்கத்து மாநிலத்து அணையிலிருந்து புறப்பட்டு, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை, தாலுகா, வி.ஏ.ஓ., தலையாரி என்று கைமாறிக் கடைசியில் ஒரு ஆட்டோவில் கட்டிய மைக்காகத் தெருவுக்கு வருகிறது. தெரு வரைக்கும் வருகிறது என்பது நிஜம். தெருவிலிருந்து வாசற்படி தாண்டி உள்ளே போகிற அந்தக் கடைசி பத்தடியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

2021 நவம்பர் வெள்ளம் வடிந்த வாரம் சித்தி வீட்டுக்குப் போயிருந்தேன். கவுண்டன்யா கரையோரத்து ஊர். சித்தி பீடி சுற்றுகிறவள். சித்தப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் கை கால் விழுந்து சில வருஷமாகிறது, கட்டிலோடு கட்டிலாக இருக்கிறார். தெருவில் முக்கால்வாசிப் பேர் பள்ளிக்கூடத்தில் போட்ட முகாமுக்குப் போய்விட்டார்கள், சித்தி போகவில்லை. சொந்தத்தில் எல்லாரும் திட்டிக்கொண்டிருந்தார்கள். நான் திட்டவில்லை, ஏன் போகவில்லை என்று மட்டும் கேட்டேன். கையில் முறத்தை வைத்துக்கொண்டு, இலையை வெட்டியபடியே சொன்னாள்: "வண்டி வந்துச்சு நைனா. மைக்ல சொன்னாங்க, நல்லாத்தான் கேட்டுச்சு. உங்க சித்தப்பாவ யாரு தூக்கினு போறது? ரெண்டு ஆம்பளையாவது வேணும். பக்கத்து வூட்டுப் பசங்கல்லாம் ஷூ கம்பெனி வேலைக்கு ஆம்பூர் போய் அங்கயே மாட்டிக்கினாங்க. சரி, எப்படியோ தூக்கினு போய்ட்டோம்னே வச்சிக்க, அங்க படி ஏறணும். ஏறிட்டா எங்க படுக்க வைக்கிறது? ராத்திரில நாலு தபா துணி மாத்தணும் அவருக்கு. நூறு பேரு முன்னாடி மாத்தினா அந்த மனுசன் உசுரோட இருப்பாரா?" கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "இலை வேற கீது. ஏஜெண்டு எடை போட்டுக் குடுத்த இலை. நனைஞ்சாலும் பூஞ்சை புடிச்சாலும் என் கூலியிலதான் கழிப்பான்" என்றாள்.

அவள் சும்மா உட்கார்ந்திருக்கவும் இல்லை. கட்டில் காலுக்கு அடியில் இரண்டிரண்டு செங்கல் வைத்து உயர்த்தியிருக்கிறாள். இலையையும் தூளையும் பிளாஸ்டிக் கோணியில் கட்டிப் பரணில் ஏற்றியிருக்கிறாள். சித்தப்பாவின் மாத்திரைகள், ரேஷன் கார்டு, பீடித் தொழிலாளர் அட்டை எல்லாம் ஒரு டிபன் பாக்ஸுக்குள். வாசற்படிக்கு வெளியே மூன்றாவது கல்லில் சாக்பீஸில் ஒரு கோடு. கரண்ட் இல்லாத அந்த ராத்திரி முழுக்க டார்ச்சை அடித்து அடித்து அந்தக் கோட்டைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கோட்டைத் தாண்டினால் எதிர்த்த மாடி வீட்டுக்காரரைக் கத்திக் கூப்பிடுவது, அவரும் வந்து ஆளுக்கொரு பக்கம் பிடித்து மாடிப்படியின் முதல் வளைவு வரைக்கும் இழுத்துக்கொண்டு போவது என்று முடிவு செய்து வைத்திருந்தாள். தண்ணீர் கோட்டுக்குக் கீழேயே நின்றுவிட்டது. நின்றிருக்காவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று யோசிக்கவே எனக்கு இன்றைக்கும் வயிற்றைப் பிசைகிறது. அந்த ஊரில் அன்றைக்கு இருந்த திட்டங்களிலேயே சித்தப்பாவையும் கணக்கில் எடுத்துக்கொண்ட திட்டம் சித்தி போட்டது ஒன்றுதான். அவள் கேட்காதவள் இல்லை. கேட்டாள், கூட்டிக் கழித்துப் பார்த்தாள், முகாமில் அவர் பிழைக்க வழியில்லை என்று முடிவுக்கு வந்தாள்.

அந்தச் சாயங்காலத்துக்குப் பிறகு என்னால் பழைய பேச்சைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

சட்டத்தில் இருக்கிறது

இதைப் பற்றிப் படிக்க ஆரம்பித்ததும் முதலில் ஆச்சரியப்படுத்தியது, சித்தி சொன்னதையே உலகம் முழுக்கச் சொல்லியிருக்கிறார்கள் என்பது. ஐ.நா.வின் பேரிடர் அபாயக் குறைப்பு அலுவலகம் 2013ல் பல நாடுகளில் உள்ள மாற்றுத்திறனாளிகளிடம் ஒரு கருத்துக்கணிப்பு எடுத்தது. உடனே கிளம்பச் சொன்னால் சிரமமில்லாமல் கிளம்பிவிட முடியும் என்று சொன்னவர்கள் 20 சதவீதம்தான். பத்து வருஷம் கழித்து 2023ல் மறுபடி எடுத்தபோது, பேரிடர் வந்தால் என்ன செய்வது என்று தனக்கென ஒரு திட்டம் இல்லாதவர்கள் 84 சதவீதம். இரண்டு கணக்கெடுப்புக்கும் நடுவில், 2015 மார்ச்சில், 187 நாடுகள் கூடி, பேரிடர் அபாயத்தைக் குறைப்பதற்கான செண்டாய் உடன்படிக்கையை ஏற்றுக்கொண்டன. பெண்கள், முதியவர்கள், மாற்றுத்திறனாளிகள், ஏழைகள் எல்லாரும் திட்டம் போடுகிற இடத்திலேயே இருக்க வேண்டும் என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறது. அது எழுதப்பட்ட ஜப்பானின் செண்டாய், 2011 சுனாமியில் அடிபட்ட ஊர். அந்தச் சுனாமியில் மாற்றுத்திறனாளிகள் இறந்த விகிதம் மற்றவர்களைப்போல ஏறத்தாழ இரண்டு மடங்கு.

நம் நாட்டிலும் எழுத்தில் குறை இல்லை. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 8ஆம் பிரிவு, ஒவ்வொரு மாவட்டப் பேரிடர் மேலாண்மை ஆணையமும் தன் மாவட்டத்து மாற்றுத்திறனாளிகளின் விவரப் பதிவேட்டை வைத்திருக்க வேண்டும், ஆபத்து வருவதை அவர்களுக்குத் தெரிவிக்க ஏற்பாடு செய்ய வேண்டும் என்கிறது. வைத்திருக்கலாம் என்று இல்லை, வேண்டும் என்றே இருக்கிறது. 2019ல் தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் இதற்கெனத் தனி வழிகாட்டு நெறிமுறைகளே வெளியிட்டது. ஆனால் 2005ஆம் ஆண்டுப் பேரிடர் மேலாண்மைச் சட்டத்தைப் பாருங்கள். நிவாரணத்தில் பால், சாதி, சமூகம், வம்சாவளி, மதம் பார்த்துப் பாகுபாடு காட்டக் கூடாது என்று 61ஆம் பிரிவு சொல்கிறது. நல்ல பிரிவு, தேவையான பிரிவு. அந்த வரிசையில் உடல் குறைபாடும் இல்லை, வயதும் இல்லை. சித்தப்பா அந்த வரிசையில் இல்லை.

இது வேறெந்த ஊரில் நடந்தாலும் எனக்கு இவ்வளவு ஆற்றாமை இருக்காது. இது வேலூர். 1954ல் கார் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த டாக்டர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே தொழுநோயாளிகளின் கைகளுக்கு அறுவைச் சிகிச்சை செய்த ஊர். 1966ல் அவர் தொடங்கிய மறுவாழ்வு மையம்தான் இந்தியாவிலேயே உள்நோயாளிகளை வைத்துப் பார்த்த முதல் மறுவாழ்வு மையம், இன்றும் பாகாயத்தில் இருக்கிறது. கரிகிரியில் தொழுநோய் ஆராய்ச்சி மையம் இருக்கிறது. முதுகுத்தண்டில் அடிபட்டு எழ முடியாதவர்களை, மறுபடியும் வாழ்ந்துவிடலாம் என்கிற நம்பிக்கையோடு நாடு முழுவதிலுமிருந்து கூட்டிவருகிற ஊர். உடம்பு முடியாதவர் எப்படிக் குளிப்பார், எப்படிக் கட்டிலிலிருந்து நாற்காலிக்கு மாறுவார், வாசற்படியை எந்தச் சரிவில் கட்ட வேண்டும் என்கிற அறிவு இந்த ஊரில் அறுபது வருஷமாக இருக்கிறது. அந்த அறிவு எங்கள் பக்கத்து வெள்ள முகாமுக்குள் இன்னும் நுழையவில்லை. சாய்தளம் இல்லாத, கைப்பிடி இல்லாத, மேற்கத்தியக் கழிப்பறை ஒன்றுகூட இல்லாத கட்டடத்தைப் பார்த்துத்தான் "எல்லாரும் வாங்க" என்கிறோம்.

தொழுநோய் வந்து குணமானவர்களை எடுத்துக்கொள்ளுங்கள். நோய் போய்விடும், ஆனால் நரம்பு செத்துப்போன பாதத்தில் உணர்ச்சி திரும்பி வராது. முழங்கால் தண்ணீரில் நடந்து வரும்போது கண்ணாடிச் சில்லு கிழித்தாலும் அவருக்குத் தெரியாது, இரண்டு நாள் கழித்துப் புண் அழுகியபிறகுதான் தெரியும். முகாமில் இருக்கிற நர்ஸம்மாவிடம், வந்து சேர்ந்ததும் இவர் பாதத்தைக் கழுவிப் பாருங்கள் என்று ஒரு வரி சொல்லி வைத்திருந்தால் ஒரு கால் மிஞ்சும். அந்த ஒரு வரியைச் சொல்ல, அவர் யார், எந்த வீடு என்று முன்னாடியே தெரிந்திருக்க வேண்டும்.

வெயிலுக்கு முகாம் கிடையாது

வெள்ளத்தைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறேன். எங்கள் மாவட்டத்தில் வருஷா வருஷம் தவறாமல் வருகிற பேரிடர் வெயில். கத்திரி வெயிலில் 42, 43 டிகிரி என்பது இங்கே செய்தியே இல்லை, வேலூர்க்காரன் வெயிலுக்குப் பயப்படலாமா என்று பெருமை வேறு. அந்தப் பெருமை கொஞ்சம் ஆபத்தானது. வெள்ளம் வந்தால் படம் எடுக்கலாம். வெயிலில் செத்தவருக்கு மாரடைப்பு என்றுதான் எழுதுவார்கள். 2010 மே மாதம் அகமதாபாத்தில் வழக்கமாக இறக்கிறவர்களைவிடக் கூடுதலாக 1,344 பேர் இறந்தது, பிற்பாடு கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் தெரிந்தது. அதற்கு அப்புறம்தான் 2013ல் அந்த நகரம் வெப்பத்துக்கென்று ஒரு செயல்திட்டம் போட்டது. தமிழ்நாட்டில் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தார்கள், வெப்ப அலையில் இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் என்றும் அறிவித்தார்கள். வரவேற்க வேண்டிய முடிவு. ஆனால் வெயிலில்தான் இறந்தார் என்று யாராவது எழுதினால்தானே அந்தப் பணம் வரும்.

வெயில் எல்லார்மேலும் ஒரே மாதிரி அடிப்பதில்லை. சிமெண்ட் ஷீட் கூரைக்குக் கீழே, தூள் பறந்துவிடும் என்று ஃபேனையும் நிறுத்திவிட்டுப் பீடி சுற்றுகிற பெண்கள் குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் தெருவுக்குத் தெரு இருக்கிறார்கள். வெளியே போகாதீர்கள், வீட்டுக்குள்ளேயே இருங்கள் என்று போனில் வருகிற எச்சரிக்கை அவர்களைப் பொறுத்தவரை அர்த்தமே இல்லாதது, ஏனென்றால் அவர்களுக்கு வீட்டுக்குள்தான் வெயில். ரத்தக்கொதிப்புக்காகச் சிறுநீர் பிரிய மாத்திரை சாப்பிடுகிற பெரியவர்களுக்கு உடம்பில் தண்ணீர் சீக்கிரம் வற்றும். மனநோய்க்குச் சாப்பிடுகிற சில மருந்துகள் உடம்பு சூட்டைத் தணிக்கிற வேலையையே தடுக்கும். முதுகுத்தண்டில் மேல்பக்கம் அடிபட்டவருக்கு, அடிபட்ட இடத்துக்குக் கீழே வியர்க்கவே வியர்க்காது. வியர்வை இல்லையென்றால் உடம்பு குளிர வழியே இல்லை. ஈரத்துணியும் யாராவது தண்ணீர் தெளித்துவிடுவதும்தான் அவருக்கு மருந்து, பகல் பன்னிரண்டு மணிக்கு வீட்டில் எல்லாரும் வேலைக்குப் போயிருப்பார்கள். இந்த நாலு பேருக்கும் ஒரே குறுஞ்செய்தி போகிறது. நிறைய நீர் அருந்துங்கள், மோர் குடியுங்கள். சரி, ஆனால் தெருக்குழாயில் தண்ணீர் இரண்டு நாளைக்கு ஒரு தடவை வருகிற ஊரில், தனியாகக் கழிப்பறைக்குப் போக முடியாத ஒருவர் வேண்டுமென்றே தண்ணீரைக் குறைத்துத்தான் குடிப்பார். சித்தப்பாவும் அப்படித்தான்.

நோட்டுகள்

சட்டம் சொல்கிற அந்தப் பதிவேட்டை மேலிருந்து ஆரம்பித்தால் அது ஒருபோதும் முடியாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஏனென்றால் அதில் இருக்க வேண்டிய பெயர்கள் ஏற்கெனவே தெருவில் எழுதப்பட்டிருக்கின்றன. 2021 ஆகஸ்ட்டில் ஆரம்பித்த மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் மாத்திரை கொண்டுபோய்க் கொடுக்கிற அக்காவின் நோட்டில் சர்க்கரை, ரத்தக்கொதிப்பு உள்ளவர்கள், படுத்த படுக்கையில் இருக்கிறவர்கள் எல்லார் பெயரும் இருக்கிறது. அங்கன்வாடி அம்மாவின் நோட்டில் கர்ப்பிணிகளும் கைக்குழந்தைக்காரிகளும். ரேஷன் கடைக்காரருக்கு யார் தனியாக இருக்கிற கிழவி, யாருக்காகப் பேரன் வந்து அரிசி வாங்கிப்போகிறான் என்பது மனப்பாடம். மகளிர் குழுத் தலைவிக்கு யார் வீட்டுச் சுவர் விரிசல் விட்டிருக்கிறது என்று தெரியும். இந்த நோட்டுகள் ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவைகூட ஒரே திண்ணையில் ஒன்றாக உட்கார்ந்ததில்லை. இந்த நான்கு பேரும் பெண்களாக இருப்பதும் (எங்கள் ரேஷன் கடையிலும் இப்போது ஒரு தங்கைதான்), பேரிடர்க் கூட்டம் என்று போட்டால் இவர்களில் ஒருவரைக்கூடக் கூப்பிடாததும் தற்செயல் என்று என்னால் நம்ப முடியவில்லை.

சித்தி தெருவில் அதைச் செய்து பார்த்தோம். பெரிய ஏற்பாடு ஒன்றுமில்லை. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் கோயில் திண்ணைக்கு முன்னால் கோலமாவில் தெருவை வரைந்தார்கள், ஆறு, பாலம், கரண்ட் கம்பம், அடிபம்பு எல்லாம். அப்புறம் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புளியங்கொட்டை, ஓடி வர முடியாதவர் இருக்கிற வீட்டுக்குக் கூடவே ஒரு செம்பருத்தி. அவ்வளவு பூ விழும் என்று அங்கே இருந்த யாரும் எதிர்பார்க்கவில்லை. தெருவில் காது கேளாத ஒரு அண்ணன் இருக்கிறார், லுங்கி நெய்கிறவர். அவர் வீட்டிலும் பூ வைத்தார்கள், மைக் சத்தம் அவருக்குக் கேட்காது என்பதால். அவர் குனிந்து அந்தப் பூவைப் பார்த்தார், தன் தங்கையிடம் சைகையில் என்னவோ கேட்டார். எதற்கு என்று புரிந்ததும் முதலில் தன் பிரச்சினைக்குத் தானே வழி சொன்னார்: பின்பக்கத்து ஜன்னலை மழைக்காலத்தில் தாழ் போடாமல் விடுகிறேன், பக்கத்து வீட்டுப் பையன் கையை விட்டு என் தோளைத் தட்டட்டும். சொல்லிவிட்டு எழுந்து, சித்தி வீட்டுப் பூவைக் காட்டி, தன் மார்பைத் தட்டி, இரண்டு கையாலும் தூக்குகிற மாதிரி காட்டினார். உதவி வேண்டியவர்கள் பட்டியலில் நாங்கள் எழுதி வைத்த ஆள், தூக்குகிறவர்கள் பட்டியலிலும் முதல் பெயராக வந்துவிட்டார். தறியில் உட்கார்ந்த கை, அந்தத் தெருவில் அவ்வளவு பலம் வேறு யாருக்கும் இல்லை. நாங்கள் போட்ட இரண்டு கட்டமும் அங்கேயே கலைந்தது.

பிறகு நிஜமாகவே தூக்கிப் பார்த்தோம். பிளாஸ்டிக் நாற்காலியில் இரண்டு மூங்கிலைக் கட்டி, ஜவ்வாது மலையில் டோலி கட்டுகிற மாதிரிதான். சித்தப்பா முதலில் கோபப்பட்டார், நான் என்ன பிணமா என்றார், பாதி வழியில் பழைய சிநேகிதர் ஒருவரைப் பார்த்ததும் இறக்கச் சொல்லி அரை மணி நேரம் பேசினார். பள்ளிக்கூடத்து வாசலில் போனதும் தெரிந்தது, நாற்காலி அந்தக் கதவில் நுழையவே நுழையாது. அதற்குப் பதிலாக மெயின் ரோட்டு மட்டத்திலேயே இருக்கிற ஒரு சின்னக் கல்யாண மண்டபத்தைப் பிடித்தார்கள். அதில் மாப்பிள்ளை அறை ஒன்று உண்டு, கதவு அகலம், உள்ளேயே மேற்கத்தியக் கழிப்பறை. மழை எச்சரிக்கை வந்தால் அந்த அறையை விட்டுக்கொடுக்க மண்டபத்துக்காரர் ஒப்புக்கொண்டார். பீடி இலையை வைக்க மண்டபத்துச் சமையல்கட்டுப் பரண். அதைக் கேட்டதும்தான் சித்தி, "அப்ப சரி, வரேன்" என்றாள்.

ஜப்பானில் ஹொக்கைடோ தீவில் உராகவா என்று ஓர் ஊர். அங்கே மனநலப் பிரச்சினை உள்ளவர்கள் சேர்ந்து நடத்துகிற பெத்தெல் என்கிற அமைப்பில், சுனாமி வந்தால் எந்த வழியாக மேட்டுக்குப் போவது என்று தங்களுக்குப் புரிகிற மாதிரி படங்களோடு தாங்களே கையேடு தயாரித்து, திரும்பத் திரும்ப நடந்து பழகினார்கள். 2011ல் நிஜ எச்சரிக்கை வந்தபோது எல்லாரும் பத்திரமாக மேலே போய்ச் சேர்ந்தார்கள். இதைப் படித்தபோது, மனநிலை சரியில்லாதவர்களைக் கூட்டிக்கொண்டு போகிறதுதான் கஷ்டம் என்று எங்கள் ஊரில் சொல்வது ஞாபகம் வந்தது. யாருக்கும் பழகாத காரியம் கஷ்டம்தான்.

ஒரு சங்கடத்தையும் சொல்ல வேண்டும். அன்றைக்குப் பட்டியல் போட்டதும், இதைப் பெரிய தாளில் எழுதிக் கோயில் சுவரில் ஒட்டிவிடலாம் என்று ஒருவர் சொன்னார். தனியாக இருக்கிற ஒரு அக்கா உடனே எழுந்து, "எந்த வூட்ல பொம்பள தனியா கீறான்னு ஊருக்கே எழுதி ஒட்டுவீங்களா?" என்றார். அவர் கேட்டது ரொம்பச் சரி. ஜப்பானிலேயே 2013ல் சட்டத்தைத் திருத்தி, உதவி தேவைப்படுவோர் பட்டியலை உள்ளாட்சிகள் கட்டாயம் வைத்திருக்க வேண்டும் என்று ஆக்குவதற்கு முன்னால், யார் பெயரை யாரிடம் கொடுக்கலாம் என்கிற இந்தப் பிரச்சினையில்தான் பல ஊர்களில் வேலை நின்றது. எங்கள் தெருவில் கடைசியில் இரண்டு பிரதி, மாத்திரை கொடுக்கும் அக்காவிடம் ஒன்று, குழுத் தலைவியிடம் ஒன்று, பெயர் இருக்கிறவர் சம்மதித்தால் மட்டும் என்று முடிவானது. பேரிடர் வந்தால் முதலில் உதவுவதற்கு அரசு பயிற்சி கொடுத்து வைத்திருக்கிற முதல்நிலைப் பொறுப்பாளர்களிடம் எச்சரிக்கை வருகிற அன்று மட்டும் காட்டுவது. எல்லா ஊருக்கும் இதே ஏற்பாடு பொருந்தும் என்று நான் சொல்லவில்லை, அந்தந்தத் தெருப் பெண்களைக் கேட்டு முடிவு செய்ய வேண்டியது.

ஏரிக்கு அந்தப் பக்கம்

இவ்வளவும் செய்த பிறகும் எனக்கு நிம்மதி இல்லாமல் இருப்பதற்குக் காரணம், எந்த நோட்டிலும் பெயர் இல்லாதவர்கள். வேலூர், ராணிப்பேட்டை, திருவண்ணாமலை என்று பழைய வடாற்காடு முழுக்க ஏரிக்கரையிலும் ஓடைப் புறம்போக்கிலும் இருளர் குடும்பங்கள் இருக்கின்றன. பட்டா இல்லை, பல பேருக்குச் சாதிச் சான்றிதழ் இல்லை, சூளைக்கும் மரம் வெட்டவும் போய்த் திரும்புவதால் ரேஷன் கார்டு ஓர் ஊரில், ஆள் ஓர் ஊரில். நிவாரணம் கார்டைப் பார்த்து வருகிறது. நாங்கள் கோலமாவில் வரைந்த படம் ஏரிக் கலங்கலோடு, அதாவது நிரம்பிய ஏரியின் உபரித் தண்ணீர் வழிகிற இடத்தோடு, முடிந்துவிட்டிருந்தது, கலங்கலுக்குக் கீழே இருக்கிற குடிசைகளுக்குப் புளியங்கொட்டையே வைக்கவில்லை. அதைக் கவனித்துச் சொன்னதும் அந்த லுங்கி நெய்கிற அண்ணன்தான்.

அங்கே போய்ப் பேசினோம். ஒரு பெரியவர் சொன்னார், போன மழையில் முகாமுக்குப் போனதாகவும், தாழ்வாரத்தில் தனியாக உட்காரச் சொன்னதாகவும், சாப்பாடு கடைசியில் வந்ததாகவும், குழந்தைகள் மற்றவர்களைப் பார்த்துக்கொண்டே இருந்ததாகவும். "மழைல நனைஞ்சா காஞ்சிடும் சாமி" என்றார், அதற்குமேல் சொல்லவில்லை. 61ஆம் பிரிவு இருக்கிற நாட்டில் இது நடக்கிறது. என்னை "சாமி" என்று அவர் கூப்பிட்டதற்கே எனக்கு உடம்பு கூசியது, என் அப்பா வயசு அவருக்கு. அதே பெரியவர்தான் ஏரிக் கரையில் எந்த இடத்தில் நண்டு வளை அதிகம், எந்த மதகுக்குப் பக்கத்தில் தண்ணீர் சேறு கலந்து கசிகிறது, ஏரி நிரம்பிக் கோடி போவதற்கு எவ்வளவு நேரம் முன்னால் பாம்புகள் மேட்டுக்கு ஏறும் என்றெல்லாம் அடுக்கிக்கொண்டே போனார். ஊர் முழுக்கத் தூங்கும்போது கரை உடைவதை முதலில் பார்க்கப் போகிறவர்கள் அவர்கள். முதலில் அடித்துப்போகப்படுகிறவர்களும் அவர்கள்தான்.

தண்டோரா போட வேண்டாம் என்று 2022ல் தமிழ்நாடு அரசு அறிவுறுத்தியது. ஒரு சாதியைச் சேர்ந்தவர்களைப் பறையடித்துச் சேதி சொல்ல வைக்கும் வழக்கம் போனது நல்லதுதான், அதை நான் முழுமனதோடு ஆதரிக்கிறேன். அதனாலேயே, இருளர்களை ஏரியைப் பார்த்துக்கொள்ளச் சொல்லும்போது ரொம்பக் கவனமாக இருக்க வேண்டும். அது மறுபடியும் ஒரு சாதிக்கு ஒட்டவைக்கிற ஊழியமாகிவிடக் கூடாது. சம்பளம், டார்ச், மழைக்கோட்டு, போன், ஊராட்சியின் பேரிடர்க் குழுவில் வாக்குள்ள இடம் எல்லாம் இருந்தால்தான் அது வேலை. அதற்கும் முன்னால் மேட்டில் ஒரு இடமும் பட்டாவும். கலங்கலுக்குக் கீழேயே அவர்களை வைத்துக்கொண்டு எச்சரிக்கையை மட்டும் சரிசெய்வது நியாயமாகாது.

அக்டோபர் 2 கிராம சபைக்கு இரண்டு தீர்மானங்கள் எழுதிக்கொண்டிருக்கிறோம். ஒன்று, நாலு நோட்டையும் ஒவ்வொரு வருஷமும் புரட்டாசிக்குள் ஒன்றாகப் பார்த்து, பெயர் இருக்கிறவர்களையும் கூட உட்காரவைத்து, வீட்டுக்கு வீடு யார் தூக்குவது, எங்கே கொண்டுபோவது என்று எழுதுவது. இன்னொன்று கலங்கலுக்குக் கீழே இருக்கிற குடும்பங்களுக்கு மேட்டு நிலப் பட்டா. முதல் தீர்மானம் சுலபமாக நிறைவேறிவிடும் என்று எல்லாரும் சொல்கிறார்கள். இரண்டாவதை இப்போது எடுக்க வேண்டாம், ஊரில் பிரச்சினையாகும், முதலாவது போதும் என்றும் சிலர் சொல்லிப் பார்த்தார்கள். இரண்டையும் ஒரே தாளில் எழுதச் சொல்லியிருக்கிறாள் சித்தி. பெரியவர், சபைக்கு வந்து தானே பேசுவதாகச் சொல்லியிருக்கிறார்.